எத்தனை கை தூரம்

லிப்ட் ஓட்டியவர் என்று சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் போகிறது, இதில் ஓட்டுவதற்கு என்ன இருக்கிறது என்கிறார்கள். பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் முக்காலியில் உட்கார்ந்து, கம்பிக் கதவை இழுத்து இழுத்துச் சாத்தி, பாதி ஆயுளை ஏறி இறங்கியே கழித்த மனிதரிடம் இதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். எந்த மாடிக்கும் எந்த மாடிக்கும் ஆகாது, எந்தப் பிரிவு அதிகாரி வேலையே இல்லாமல் எந்தப் பிரிவுக்குப் போய் வருகிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பிறகு தானாக ஓடும் லிப்ட் வந்தது. முக்காலியை வேண்டுமானால் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். அவரும் கூச்சப்படாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு கிடைத்தது அறிவியல் கூடத்தில் உதவியாளர் வேலை. வேலை மாறினாலும் லிப்ட்காரர் என்ற பெயர் மாறவில்லை. அங்கே ஆராய்ச்சி செய்யும் மேடம் ஒருவர் ஒரு சுவர் முழுக்கப் பலகை அடித்து, ‘எத்தனை கை தூரம்?’ என்று மேலே எழுதி வைத்திருந்தார். மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பின்னிக் கிடக்கிறார்கள் என்பதைப் படிக்காதவருக்கும் புரிய வைக்கும் சுவர் அது. ஆளுக்கு ஒரு முளை, முளைக்கு ஒரு சின்ன பல்பு. அறிமுகமான இருவருக்கு நடுவே வண்ண நூல் சுற்றிய ஒரு மெல்லிய கம்பி. முளை அடிப்பதும் கம்பி இழுப்பதும் லிப்ட்காரர் வேலை. கொஞ்ச நாளில் விளக்கம் சொல்வதும் அவர் தலையில் வந்து விழுந்தது. வாய் சும்மா இருக்காதவர் என்பதால் அதுவும் அவருக்குப் பிடித்தே இருந்தது.

“ஒரு முளையிலேர்ந்து எத்தனை நூல் போகுதுன்னு பாருங்க. நிறைய பேருக்கு நாலஞ்சுதான். இதோ இந்த முளையைப் பாருங்க, தலையில முள்ளம்பன்றி மாதிரி. இவரு பஸ் கண்டக்டர். ஊர்ல ஒரு புரளி கிளம்புச்சுன்னா இவர் காதுக்கு வராமப் போகாது.” இப்படி ஆரம்பிப்பார். “நெருங்கின சிநேகிதங்ககிட்ட புதுச் சேதி இருக்காதுங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது நமக்கும் தெரியும். எங்கயோ எப்பவோ பார்த்துத் தலையாட்டின ஆள்தான் ‘அங்க ஒரு வேலை காலி இருக்கு’ன்னு வந்து சொல்லுவான். எனக்கு இந்த வேலை அப்படித்தான் கிடைச்சுது.”

கடைசியாகக் கத்தரிக்கோலை எடுப்பார். பலகையின் இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், நடுவே ஒரே ஒரு நூல். “இதுக்குப் பேரு பாலம்” என்று சொல்லி நறுக்கென்று வெட்டுவார். அந்தப் பக்கத்து பல்புகள் அத்தனையும் அணையும். கூட்டம் ‘ஐயையோ’ என்னும். கூட்டம் போனதும் வெட்டியதை முடிந்து வைப்பார். ஒரு நாளைக்குப் பலமுறை இந்தக் கூத்து நடக்கும்.

பார்வையாளர்களுக்கு ஒரு விளையாட்டும் உண்டு. எங்கோ இருக்கும் ஒருவருக்குச் சேதி அனுப்ப வேண்டும். நேரடியாக அல்ல. நமக்குத் தெரிந்தவர்களில் அந்த ஆளுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பார் என்று தோன்றுகிறவரிடம் சொல்ல வேண்டும். அவர் தனக்குத் தெரிந்தவரிடம் சொல்வார். கை மாறும்போதெல்லாம் கூடத்துக்கு ஒரு போன் வரும், ஒரு முளை ஏறும். பதில் வந்தால் போன வழியே திரும்பி வர வேண்டும். பெரும்பாலான சேதிகள் பாதியிலேயே செத்துப்போகும். “வழி இல்லாம இல்லண்ணா. யாரோ ஒருத்தர் சோம்பேறித்தனம் பண்ணிடுறாங்க” என்பார் மேடம்.

ஒரு நாள், கூட்டமில்லாத நேரத்தில், லிப்ட்காரர் தன் பங்குக்கு ஒரு சேதி போட்டார். யாருக்கு என்று மேடம் கேட்டதற்கு, தெரிந்த பெண் ஒருத்தி, கண்ணாடிக்கடையில் லென்ஸ் பொருத்துகிறவள், பட்டப்பெயர் மிளகு என்று மட்டும் சொன்னார். அவருடைய ஒரே மகள் அவள். கட்டிக்கொடுத்த இடத்தில் அடிபட்டு, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றவளிடம், “சமாளிக்கத் தெரியாம ஓடி வந்தவளுக்கு இங்க இடமில்ல” என்று சொன்ன புண்ணியவான் இவர்தான். அவள் உள்ளேகூட வரவில்லை. பையைக் கீழே வைக்காமல் அப்படியே திரும்பிவிட்டாள். தூரத்துத் துறைமுக நகரத்தில் கண்ணாடிக்கடை ஒன்றில் இருக்கிறாள் என்று காற்றுவாக்கில் ஒரு செய்தி வந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அவள் அம்மாவுக்கும் தெரியாது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

சேதி இதுதான்: ‘வாசல்ல சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கிட்டேன்.’

பக்கத்து லாரி ஷெட்டின் புக்கிங் கிளார்க்கிடம் சொன்னார். கிளார்க் ஒரு டிரைவரிடம், டிரைவர் துறைமுகத்தில் தான் தங்கும் லாட்ஜ்காரரிடம், லாட்ஜ்காரர் லென்ஸ் விற்கும் ஏஜெண்டிடம். ஒவ்வொரு போனுக்கும் ஒரு முளை ஏறியது. முளை அடிக்கும்போது இரண்டு முறை கட்டைவிரலில் அடித்துக்கொண்டார்.

அடுத்த போன் ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. மிளகோடு ஒரே அறையில் தங்கியவளாம்.

“அவ இங்கேர்ந்து போயிட்டா சார். புது நம்பர் எங்கிட்ட இல்ல. ஆனா அவளை தினமும் டீ நேரத்துல எங்க கடை போன்ல கூப்பிட்ட ஒரு அம்மா இருக்காங்க. இப்பவும் அவங்ககிட்ட மட்டும் பேசுறாளாம். அவங்ககிட்ட உங்க சேதியைச் சொல்லிட்டேன்.”

“அந்தம்மா யாரு?”

“பேரைச் சொல்லக் கூடாதுல்ல சார், விளையாட்டுல. டெய்லர் கடையில பட்டனுக்குக் காஜா எடுக்குறவங்க. துணித் தூசி ஆகாது போல, பேச்சுக்கு நடுவுல ரெண்டு ரெண்டா தும்முவாங்க.”

லிப்ட்காரர் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். அவருடைய மனைவி டெய்லர் கடையில்தான் காஜா எடுக்கிறாள். இரண்டு இரண்டாகத்தான் தும்முவாள்.

“சேதியைக் கேட்டதும் அழுதுட்டாங்க சார். ‘நான் பேசுறது அவங்கப்பாவுக்குத் தெரிஞ்சா எங்கிட்டயும் பேச மாட்டேன்னு சொல்லியிருக்கா, இதை அவகிட்ட நான் எப்படிம்மா போய்ச் சொல்லுவேன்’னாங்க. சார்? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேம்மா” என்றார்.

ஒரு லாரி ஷெட்டையும் ஒரு துறைமுகத்தையும் சுற்றிக்கொண்டு போன நூல் அவருடைய அடுப்படியில் வந்து நின்றது. யாரிடம் போய்ச் சொல்வது? மேடத்திடம் சொன்னால் பாராட்டுவார். மனைவியிடம் சொன்னால் அந்த ஒரே நூலும் போய்விடும். கோபம் வந்தது, பொறாமை வந்தது, நல்லவேளை அவளாவது பேசுகிறாளே என்று நிம்மதியும் வந்தது. எதை முதலில் படுவது என்று தெரியாமல் முளையை அடித்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி சோறு போட்டாள். கண் வீங்கியிருந்தது.

“இன்னிக்கு வேலை எப்படி?” என்று கேட்டார்.

“எப்பவும்போலத்தான். உங்களுக்கு?”

“எப்பவும்போலத்தான்.”

சேதியை அனுப்பியவரும் அதைக் கையில் வைத்திருப்பவளும் ஒரே குழம்புக் கிண்ணத்துக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் இரண்டு தரம் தும்மினாள். அவர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். உலகத்தில் யாருக்கும் யாரும் சில கை தூரம்தான் என்று நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிற மனிதருக்கு, எதிரே இருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை.

இரண்டொரு நாள் கழித்துப் பதில் வந்தது, போன வழியே. அறைத்தோழி ஏஜெண்டிடம் சொல்லி, ஏஜெண்ட் லாட்ஜ்காரரிடம் சொல்லி, கடைசியில் புக்கிங் கிளார்க் வெற்றிலை போட்ட வாயோடு வந்து நின்றார்.

“லிப்டண்ணே, உங்க சேதி கிடைச்சுதாம். இப்ப வேணாமாம்.”

“வேற?”

“அவ்வளவுதான். ‘இப்ப வேணாம்.’ இல்ல, வெறும் ‘வேணாம்’னு சொன்னானா? இருங்க... ‘இப்ப வேணாம்’னுதான் சொன்னான்னு நினைக்கிறேன்.”

அந்த ‘இப்ப’வை யார் போட்டது? மகளா? அவர் மனசு உடைந்துவிடும் என்று மனைவி சேர்த்தாளா? டிரைவரா, லாட்ஜ்காரரா, அல்லது வெற்றிலைச் சாறோடு இந்த ஆளே துப்பியதா? ஒரு சின்னச் சொல். அது அவளுடையது என்றால் அவர் எத்தனை வருடமும் காத்திருப்பார். கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் வீட்டில் இருந்தாள், அவளிடம்தான் கேட்கக் கூடாது.

மேடத்துக்கு ஏக சந்தோஷம். பதிலோடு திரும்பி வந்த சேதி அபூர்வமாம். அன்றைய கூட்டத்துக்கு அந்தச் சங்கிலியையே காட்டச் சொன்னார். காஜா முளைக்கும் மிளகு முளைக்கும் நடுவே ஒரே நூல், அதைவிட நல்ல பாலம் கிடைக்குமா? கத்தரிக்கோலை நீட்டினார்.

“மொக்கையா இருக்கு மேடம்.”

“கொடுங்கண்ணா, பார்ப்போம்” என்று வாங்கி, மேடமே நறுக்கென்று வெட்டினார். “நல்லாத்தானே வெட்டுது!”

மிளகு முளையின் பல்பு அணைந்தது. கூட்டம் கை தட்டியது. லிப்ட்காரர் கத்தரிக்கோலை வாங்கி மேசையில் வைத்தார். எல்லோரும் போன பிறகு, கண்ணாடி போட்டுக்கொண்டு, நூலை ஒன்றுக்கு மூன்று முடிச்சாகப் போட்டார்.

மறுநாள் விடுமுறை. மத்தியானத்துக்கு மேல் மனைவி இருப்புக்கொள்ளாமல் இருந்தாள். துவைத்த துணியை மறுபடி மடித்தாள். போனை எடுத்து முந்தானையில் துடைத்துக் கீழே வைத்தாள். விடுமுறை நாட்களில் இந்த நேரத்தில் அவள் இப்படித்தான் இருப்பாள் என்பதும், அதை அவர் இத்தனை காலம் முழங்கால் வலி என்று நினைத்திருந்ததும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டீ நேரம். இவர் நட்டநடு வீட்டில் அந்தப் பழைய முக்காலியில் நந்தி மாதிரி உட்கார்ந்திருந்தால் அவள் எப்படிப் பேசுவாள்? இத்தனை விடுமுறைகளிலும் மகள் தன் அம்மாவின் குரலுக்காகக் காத்துக் காத்துப் பார்த்திருப்பாள்.

எழுந்து சட்டையை மாட்டினார்.

“எங்கங்க, இந்த வெயில்ல?”

“முடி வெட்டிக்கிட்டு வரேன்.”

“போன வாரம்தானே வெட்டினீங்க?”

“சரியா வெட்டலை. வர நேரமாகும்.” செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: “கதவைச் சாத்திக்க.”

சலூனில் வேறு ஆளில்லை. சலூன்காரர் துண்டைப் போர்த்தி, சீப்பால் பின்னந்தலையைத் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அண்ணே, இதுல வெட்ட என்ன இருக்கு?”

லிப்ட்காரர் கண்ணாடியில் தெரிந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

“இருக்கிறதை வெட்டு தம்பி” என்றார். “மெதுவா வெட்டு.”