புதிய வக்கீலும் பக்கத்து நாற்காலியும்

மைசூர் சரஸ்வதிபுரத்தில் நாங்கள் இருந்த அறையில் இரண்டு கட்டில், ஒரு மேசை. மேசைமேல் எப்போதும் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு விளையாட்டுக் கருவி. இரண்டு கைக்குள் அடங்கிவிடும் அளவுதான். அது என் அறைத்தோழியுடையது. அவளுடைய தாத்தா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர், அப்பா வக்கீல். அவள் தமிழில் கன்னடம் கலந்திருக்கும், நம் 'டீ' மாதிரி வாக்கியத்துக்கு ஒரு 'கணே' போடுவாள். நான் கர்நாடக எல்லையில் தமிழ் பேசும் கிராமமான மார்டள்ளியிலிருந்து வந்தவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சட்டக் கல்லூரியில் சேர்ந்த பிறகு அதை யாரிடமாவது சொல்லாமல் ஒரு வாரம் கழிந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தக் கருவியில் எனக்குப் பிடித்த ஒரே விளையாட்டு நீதிமன்ற விளையாட்டு. வக்கீலாக நாம்தான் நிற்கவேண்டும். சாட்சி சொல்வது ஒவ்வொரு வரியாக வரும். எந்த வரியையும் குடைந்து கேட்கலாம், பொய் தெரிந்தால் ஆதாரத்தை நீட்டலாம். முதல் வருடத்தில் அவள் தூங்கும் மதியங்களில் நான் அதை விளையாடி முடித்தேன். அதன் நாயகன் பயந்தாங்கொள்ளி, வேர்த்து வழிவான், ஆனாலும் விடமாட்டான். எனக்கு அவன் சொந்தக்காரன் மாதிரி.

மூன்றாம் வருடம் அவள் அதன் அடுத்த பாகத்தை வாங்கினாள். அதில் நாயகி புதியவள். நறுக்கென்று வெட்டிய முடியோடு ஒரு பெண் வக்கீல். பழைய நாயகன் கோட்டைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் கைகட்டி நின்றான்.

"இவ அவனைவிடச் சூப்பர் கணே. விளையாடிப் பாரேன்."

"எனக்கு வேண்டாம்."

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதே வாரம்தான் மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு எங்கள் கல்லூரி அணியை அறிவித்திருந்தார்கள். இரண்டு வருடமாக முதன்மை வழக்கறிஞராக நின்றவள் நான். இந்த முறை அந்த இடம் என் அறைத்தோழிக்கு. நான் துணை, ஆவணங்களை எடுத்துக் கொடுக்கவேண்டும். சனிக்கிழமை ஒத்திகையைப் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் மாற்றுவேன் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நான் அந்த வாரத்தை ஓட்டினேன். ஏனென்றால் வீட்டுக்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"ஏங்கண்ணு, நீதான முன்னால நின்னு பேசறது? அப்பா பஸ் ஏறி வர்றேங்கறாரு," என்றாள் அம்மா போனில்.

"ஆமாம்மா," என்றேன்.

அறைத்தோழி கட்டிலில் மல்லாந்து விளையாடுவாள். நான் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்ப்பேன். பொறாமைக்குக் கண் கூர்மை. கடைசி வழக்கில் அவள் திணறிக்கொண்டிருந்தபோது பொய் எந்த வரியில் இருக்கிறது, எந்த ஆதாரத்தை நீட்டவேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அறையில் ஒருமுறை ஒத்திகை பார்த்தோம். வழக்கு, பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகைக்குத் தீ வைத்தது. நாங்கள் குற்றம் சாட்டப்பட்டவனின் தரப்பு. இருட்டும் நேரத்தில் அவன் ஓடியதைப் பார்த்தேன் என்று சொல்லும் பக்கத்துத் தோட்டக்காரராக அடுத்த அறைப் பெண் உட்கார்ந்தாள்.

"அங்கே விளக்கு இருந்ததா?" என்று குறுக்கு விசாரணையைத் தொடங்கினாள் என் அறைத்தோழி.

"இல்லை."

அத்தோடு கேள்வியை நிறுத்தி உட்கார்ந்திருக்கவேண்டும். அவள் உட்காரவில்லை. "பிறகு எப்படி அவன்தான் என்று தெரிந்தது?" என்று கேட்டாள்.

"அவன் காலைச் சாய்த்துச் சாய்த்து ஓடுவான். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன்."

எங்கள் வழக்கு அங்கேயே கவிழ்ந்தது. விளையாட்டில் எந்த வரியைக் குடைந்தாலும் நஷ்டமில்லை, குடையக் குடையத்தான் பொய் வெளியே வரும். அந்தப் பழக்கத்தில் அவள் சாட்சிக்கு ஓட்டையை அடைக்க வழி கொடுத்திருந்தாள். எங்கே தவறியது என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நாளை பேராசிரியை முன்னால் இதையே செய்தால் என் இடம் எனக்குத் திரும்பிவிடும்.

குளிக்கப் போனேன், திரும்பி வந்தேன். அவள் அதே கேள்வியை இன்னும் அழகாகக் கேட்கப் பழகிக்கொண்டிருந்தாள். என்னால் தாங்கமுடியவில்லை. அவள் தடுக்கி விழுந்ததால் கிடைத்த இடத்தில் நின்று அப்பாவுக்கு முன்னால் பேசுவதா?

"விளக்கு இல்லைன்னு சொன்னதும் உக்காரு," என்றேன். "அதுக்கு மேல கேட்டா நீயே சாட்சிக்குப் பதில் எடுத்துக் கொடுக்கற மாதிரி. இது உன் கேம் இல்லடீ."

அவள் கையிலிருந்த தாளில் அந்தக் கேள்வியை அடித்தாள். "நீ சும்னே இருந்திருந்தா நாளைக்கு உனக்கே கிடைச்சிருக்கும்."

"தெரியும். விளக்கை அணைச்சுட்டுத் தூங்கு."

சனிக்கிழமை பேராசிரியை எதையும் மாற்றவில்லை.

போட்டி கன்னடத்தில் நடந்தது. அதனால் அப்பாவுக்கும் புரிந்தது. கொள்ளேகால் வழியாக வந்து, வேட்டியும் துண்டுமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். விளக்கு இல்லை என்று சாட்சி சொன்னதும் அவள் வாய் அடுத்த கேள்விக்குத் திறந்தது. நான் மேசைக்கடியில் அவள் கோட்டின் நுனியைப் பிடித்து இழுத்தேன். உட்கார்ந்தாள். நாங்கள் ஜெயித்தோம். எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்த வக்கீல் என்று நடுவர் அவளைப் பாராட்டினார். நான் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கினேன்.

வெளியே வேப்பமரத்தடியில் அப்பா நிலக்கடலைப் பையோடு நின்றார். முன்னால் நின்று பேசுவதாகச் சொன்னாயே என்று அவர் கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"அந்தப் புள்ள நல்லாப் பேசுச்சு கண்ணு," என்றார். "சட்டுனு உக்காந்துச்சு பாரு, அங்கதான் சாட்சி மாட்டிக்கிட்டான்."

"ஆமாங்கப்பா."

பையிலிருந்து பாதிக் கடலையை அவர் அவளுக்குக் கொடுத்தார். அதற்குமுன் எந்தத் தோல்வியும் அந்த வெற்றி அளவுக்கு எனக்குக் கசந்ததில்லை.

அன்று சாயங்காலம் அவள் கட்டிலில் படுத்துக் கடலையை உடைத்தபடி மீண்டும் கருவியை எடுத்தாள். கடைசி வழக்கு அதே இடத்தில் நின்றது. மூன்று தடவை தப்பான ஆதாரத்தை நீட்டித் தோற்றாள்.

"எந்த வரியிலே பொய் இருக்குன்னே தெரியலை கணே. உனக்குத் தெரியும், உன் மூஞ்சியிலே தெரியுது. சொல்லேன்."

புதிய வக்கீல் திரையில் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் பழையவன் கைகட்டி நின்றான். அவனுக்கும் தெரிந்திருக்கும்.

"தெரியாது," என்றேன். கடலைப் பையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.