நாளொன்றுக்குப் பதினொரு பேர்

என் சித்தி பத்தொன்பது வருஷம் ரயில் டிக்கெட் விற்றார். விற்றதைவிட விற்காமல் விட்டதுதான் அதிகம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் நிறுத்தத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. ஒரு சிமெண்டு மேடை, அதன் ஓரத்தில் ஆறடிக்கு எட்டடியில் ஓர் அறை, அறைக்கு ஒரு ஜன்னல். உள்ளே மேசை, தேதி குத்தும் முத்திரை, மைத்தட்டு, டிக்கெட் அட்டைகள் அடுக்கிய மரப்பெட்டி. ரயில்வே சம்பளம் தராது. விற்கிற டிக்கெட்டுக்குக் கமிஷன், அவ்வளவுதான். காலை ஏழு நாற்பதுக்கு நகரத்துக்குப் போகும் பாசஞ்சர் ரயில் வந்து ஒரு நிமிடம் நிற்கும். சாயங்காலம் அதே ரயில் திரும்பி வரும். வேறு ரயில் எதுவும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு முன்கூட்டியே வந்து நிற்கும் வழக்கம் இல்லை. ஆற்றுப்பாலத்தில் ரயில் ஊதும் சத்தம் கேட்ட பிறகுதான் வீட்டுக் கதவைப் பூட்டுவார்கள். அப்புறம் பார்க்க வேண்டுமே! செங்கல் சூளைக்காரர்கள், துணிக்கடையில் நிற்கிற பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று நூறு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் மேடைக்கு ஓடி வருவார்கள். அதில் ஒரு கொத்தனார் எப்போதும் கடைசிப் பெட்டியைத்தான் எட்டிப் பிடிப்பார். அதனால் அவருக்குப் பேரே கடைசிப்பெட்டி. அத்தனை பேருக்கும் முத்திரை குத்திக் கொடுக்க ஒரு நிமிடம் எங்கே போதும்? சித்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்துவார்.

"ஏறு, ஏறு! டிக்கெட்ட ஜங்ஷன்ல எடுத்துக்க. மொதல்ல ஆள் ஏறு!"

அடுத்தது ஜங்ஷன். அங்கே ரயில் பன்னிரண்டு நிமிடம் நிற்கும். எங்கள் ஆட்கள் இறங்கிப் போய் டிக்கெட் எடுத்துக்கொண்டு வருவார்கள். எங்கள் ஊரிலிருந்து எடுத்தாலும் ஜங்ஷனிலிருந்து எடுத்தாலும் நகரத்துக்குக் கட்டணம் ஒன்றுதான். ரயில்வேக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. கமிஷன் போனது சித்திக்கு மட்டும்தான். "போனாப் போகுது, ஓடி வர்றவன் முகத்துல அடிச்ச மாதிரி ஜன்னல மூடச் சொல்றியா?" என்பார்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நான்கு வருஷமும் அந்த ரயிலில்தான் கல்லூரிக்குப் போய் வந்தேன். முதல் பரீட்சையே எழுதியிருக்க மாட்டேன், அதற்குள் சித்தி மேடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "எங்க இன்ஜினியருக்கு வழி விடுங்கப்பா" என்பார். வெட்கமாக இருக்கும். உள்ளுக்குள் பிடித்தும் இருக்கும்.

நான் படிப்பை முடித்த வருஷம்தான் சித்தப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. லாரி மெக்கானிக். ஒற்றை ஆளாகச் சக்கரத்தைக் கழற்றித் தூக்குகிற உடம்பு அது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள் நகரத்து ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒன்றைக்கூட விடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பஸ்ஸில் போனால் மூன்று இடத்தில் மாற வேண்டும், ஐந்து மணி நேரம். மெஷினிலிருந்து இறங்கிய மனுஷனால் ஐந்து நிமிடம் நிற்க முடியாது. ரயிலில் இரண்டு மணி நேரம், படுத்துக்கொண்டே வரலாம். மூன்றாவது பெட்டியில் ஒரு நீளப் பலகையை யாரும் சொல்லாமலே அவருக்காக விட்டுவைப்பார்கள். அந்த மூன்று நாளும் சித்தி ஜன்னலைச் சாத்திவிட்டு அவரோடு ஏறிக்கொள்வார்.

எனக்கு வேலை கிடைத்தது வேக ரயில் திட்டத்தின் ஆய்வு அலுவலகத்தில். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் ஓடும் ரயில். தலைநகரத்திலிருந்து கடற்கரை வரை ஒன்றரை மணி நேரம். இப்படி ஒரு ரயிலில் நாடு முதலீடு செய்யலாமா கூடாதா என்று டீக்கடையிலிருந்து சட்டசபை வரை அடித்துக்கொண்டார்கள். நான் செய்யலாம் என்ற கட்சி. இப்போதும் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேகம் பணக்காரன் சமாசாரம் என்று பேசுகிறவர்கள் யாரும் நோயாளியை மடியில் போட்டுக்கொண்டு ரயிலில் போனவர்கள் இல்லை.

ஆனால் திட்டத்தில் ஒரு துணை விதி இருந்தது. வேக ரயில் நிற்கப்போவது ஜங்ஷனில். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் எங்கள் பாசஞ்சர் ரயில் நேரம் தவறக் கூடாது. அதற்காக, நாளொன்றுக்கு நூறு பேருக்குக் குறைவாக ஏறும் நிறுத்தங்களை, வேக ரயில் வரும்வரை காத்திருக்காமல், இப்போதே மூடிவிடுவது. அந்த அட்டவணையைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. நாற்பத்திரண்டாவது வரியில் எங்கள் ஊர். விற்ற டிக்கெட்டின்படி, நாளொன்றுக்குப் பதினொரு பேர்.

பதினொன்று! பத்தொன்பது வருஷமாக நாங்கள் ஏறிய ஏற்றமெல்லாம் ஜங்ஷன் கணக்கில் போய்ச் சேர்ந்திருந்தது. ஜங்ஷனுக்கு வேக ரயில் நிலையம் கிடைத்ததற்கு அங்கே கூட்டம் அதிகம் என்பதும் ஒரு காரணமாம். எங்கள் ஆட்களையும் சேர்த்த கூட்டம்.

அன்றே ஊருக்குப் போய்ச் சொன்னேன். சித்தப்பா கட்டிலில் சாய்ந்தபடி சிரித்தார்.

"பார்த்தியா, உன் தர்மம் ஜங்ஷன்காரனுக்கு மாளிகை கட்டிக் குடுத்திருக்கு."

"நீங்க சும்மா இருங்க" என்றார் சித்தி. என்னைப் பார்த்துக் கேட்டார்: "நான் போய்ச் சொன்னா கேப்பாங்களாடா? தப்பு எம்மேலதான், ஊர் மேல இல்லன்னு?"

ஜங்ஷனில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. கடைசிப்பெட்டியும் இன்னும் நாற்பது பேரும் வந்தார்கள். சித்தி மைக்கைப் பிடிக்கவில்லை. திட்ட அதிகாரி உட்கார்ந்திருந்த மேசைக்கு நேரே போய் நின்றார்.

"ஐயா, வேக ரயில் வேண்டாம்னு சொல்ல வரல. நல்லா வரட்டும். எங்க ஊர்ல தினம் நூத்திப் பத்து, நூத்தி இருவது பேரு ஏறுறாங்க. நான்தான் டிக்கெட் குடுக்காம ஏத்திவிட்டேன். என் ஏஜென்சிய எடுத்துக்கங்க. நிறுத்தத்த எடுக்காதீங்க."

அதிகாரி கெட்டவர் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க சொல்றத நம்புறேம்மா. ஆனா நான் நம்புனா போதாது, காகிதம் நம்பணும். பதினஞ்சு நாள் தர்றேன். உங்க ஜன்னல்ல தினம் சராசரி நூறு டிக்கெட் வித்துக் காட்டுங்க. மூடுற பட்டியல்லேருந்து உங்க ஊர்ப் பேரை அழிச்சிடறேன்."

அந்தப் பதினைந்து நாள் சித்தி பட்ட பாடு நாய் படாத பாடு. முதல் நாள் நாற்பத்தாறு டிக்கெட்தான். பாலத்துச் சத்தம் கேட்ட பிறகு கிளம்பும் கால்கள் ஒரே நாளில் திருந்துமா? மறுநாளிலிருந்து விடிந்ததுமே வீதி வீதியாகப் போய்க் கதவைத் தட்டினார். "தாயி, இன்னிக்கி ஒரு பத்து நிமிஷம் முன்னாடி வாம்மா. உனக்குக் கும்பிடு போடுறேன்." ஆறு மணிக்கே ஜன்னலைத் திறந்தார். ஆஸ்பத்திரி நாட்களில் சித்தப்பாவோடு ஊர்க்காரர் யாராவது ஏறிக்கொண்டார்கள். முத்திரை குத்திக் குத்தி மணிக்கட்டு வீங்கித் துணி சுற்றிக்கொண்டார். ஓடி வந்த கடைசிப்பெட்டியை ஒருநாள் ஏறவே விடவில்லை.

"அக்கா, வண்டி கிளம்புது!"

"கிளம்பட்டும். டிக்கெட் இல்லாம ஏறுன, இந்த மேடையில நான் விழுந்து சாவேன்."

அவர் அன்றைக்குக் கூலியை விட்டார். மறுநாள் முதல் ஆளாக வந்து நின்றார். எண்ணிக்கை எழுபது ஆனது, தொண்ணூற்றைந்து ஆனது, நூற்றுப்பத்தில் நின்றது.

பதினான்காம் நாள் சாயங்காலம் கணக்கைப் பார்த்தேன். ஆயிரத்து இருநூற்று அறுபத்திரண்டு. ஆயிரத்து ஐந்நூறு வேண்டும். இருநூற்று முப்பத்தெட்டு குறைகிறது. ஊரில் ஏறுகிறவர்கள் மொத்தமே நூற்றிருபது. சித்தி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அங்கேதான் நான் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். சராசரி என்பது கூட்டி வகுப்பதுதானே, கடைசி நாள் ஆளுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தால் முடிந்தது கதை. சித்தியிடம் சொன்னால் ஒப்பமாட்டார் என்று சொல்லவில்லை. டீக்கடையில் கடைசிப்பெட்டியின் காதில் போட்டேன்.

"ரெண்டு போதுமா தம்பி?" என்றார்.

"தாராளமா போதும்ண்ணே."

படித்த பையன் சொல்லிவிட்டான். ஊர் எழுந்துவிட்டது. இரண்டு போதும் என்றால் ஐந்து எடுத்தால் இன்னும் கெட்டி இல்லையா? சித்தப்பா உயிருக்கு இரண்டோடு நிறுத்துவதா என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. ரயிலில் ஏறவே போகாதவர்கள்கூட வரிசையில் நின்றார்கள். சித்தி, "எதுக்கு அஞ்சு?" என்று முதல் ஆளைக் கேட்டாராம். "எங்க வீட்டு ஆளுங்க வர்றாங்க" என்று பதில் வந்ததாம். பத்தாவது ஆளிடம் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கேட்கிறவருக்கு இல்லை என்று சொல்ல டிக்கெட் ஜன்னலுக்கு உரிமை இல்லை. அறுநூற்றுப் பதினொரு டிக்கெட்டுக்கு முத்திரை குத்தினார்.

அன்றைக்கு ரயிலில் ஒரு பரிசோதகர் வந்திருந்தார். அதிகாரி அனுப்பிய ஆள். மேடையில் ஏறியவர்களை எண்ணினார். நூற்றுப்பதினெட்டு பேர்.

அதற்கு மூன்றாம் நாள் அதிகாரி என்னை அழைத்தார். இரண்டு எண்களையும் ஒரே காகிதத்தில் எழுதி என் பக்கம் திருப்பினார்.

"இது உங்க ஊர்தானே?"

"ஆமா சார்."

"ஒரு நாள் பொய்னா பதினாலு நாளும் பொய்யாத்தான் பார்ப்பாங்க. மொத்தத்தையும் தள்ளியாச்சு."

"சார், அந்தக் கடைசி நாள விட்டுடுங்க. மத்தது எல்லாம் நிஜம். கடைசி நாளும் நூத்திப்பதினெட்டுனே வச்சுக்குங்க. சராசரி தொண்ணூத்தி ரெண்டு வருது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தொண்ணூத்திரண்டோட வந்திருந்தா மேல பேசி வாங்கியிருப்பேன் தம்பி. எட்டுப் பேருக்காக யாரும் அடம்பிடிக்க மாட்டாங்க. இப்ப எதை வச்சுப் பேசுவேன்?"

யோசனை என்னுடையது, சித்திக்குத் தெரியாது என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். பலன் ஒன்றுமில்லை.

வீட்டில் நான் காலில் விழப் போனேன். சித்தி தோளைப் பிடித்து நிறுத்தினார். திட்டியிருந்தால் தேவலை. சித்தப்பா கட்டிலிலிருந்து சொன்னார்: "எழுதுனவன் ஏட்டக் கெடுத்தான், படிச்சவன் பாட்டக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க? விடுப்பா இன்ஜினியர். நீ எனக்காகத்தானே கெடுத்த." அவர் சிரித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து ரயில் நிற்கவில்லை. முதல் வாரம் ஊதிக்கொண்டே போனது. அப்புறம் ஊதுவதும் இல்லை. அறையைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஜங்ஷனுக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். விடியற்காலையில் சித்தப்பாவைப் பால் வண்டியில் பின்னால் படுக்க வைத்துக் கொண்டுபோய் ரயில் ஏற்றினோம். போவது ஒருவிதமாக முடிந்தது. திரும்பும்போது பால் வண்டி கிடையாது. இரண்டாவது தடவை ஜங்ஷன் வாசலில் மயங்கி விழுந்து நெற்றியில் நான்கு தையல். நகரத்தில் வீடு பிடிக்கப் பார்த்தேன். ஆஸ்பத்திரிப் பக்கம் என் சம்பளத்துக்கு மாடிப்படிக்கு அடியில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வேறெங்கும் மெஷின் இல்லை. இருக்கிற இடத்தில் வரிசை ஒன்பது மாதம்.

வாரத்துக்கு மூன்று என்பது இரண்டு ஆயிற்று. புதன்கிழமையை விட்டோம். "இது மருந்தக் குறைக்கிற மாதிரி இல்ல, மூச்சக் குறைக்கிற மாதிரி" என்று டாக்டர் சொன்னார்.

அப்படி விட்ட ஒரு புதன்கிழமை நான் ஊரில் இருந்தேன். சித்தப்பா இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டியது. சித்தி காலடியில் உட்கார்ந்திருந்தார்.

"அந்த வேக ரயில் எப்படா ஓடும்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"ஏழு வருஷம்னு போட்டிருக்கு சித்தி."

"ஏழா?" என்றார் சித்தப்பா, மூச்சை இழுத்து இழுத்து. "அப்ப... எனக்கு... டிக்கெட் எடுத்துடாதீங்க."

சித்தி சிரிக்கவில்லை. சித்தப்பாவின் வீங்கிய பாதத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. இன்னும் கொஞ்சம் மேலே, கணுக்காலில் அழுத்தினார். முழங்காலுக்குக் கீழே அழுத்தினார். அங்கேயும் குழி நின்றது. போன புதன்கிழமை வீக்கம் அவ்வளவு தூரம் ஏறியிருக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்குமாடா?" என்று என்னைக் கேட்டார், நான் படித்தவன் என்பதால்.