ஆறுதலா வருவினம்

அன்று ஆக்லாந்து நீதிமன்றத்தில் ஒரு யாழ்ப்பாணத்துக் கைதிக்கு நான் மொழிபெயர்ப்பாளர். சிறையில் தன்னை நடத்தும் விதத்தை எதிர்த்து அவரே போட்ட வழக்கு அது. அவருக்கு ஆஸ்துமா. மூச்சுத் திணறி அவசர மணியை அழுத்தினால் காவலர்கள் என்ன செய்வார்கள் என்று அவருடைய வக்கீல் கேட்டார்.

“ஆறுதலா வருவினம்” என்றார் கைதி.

நான் மதுரைக்காரி. வந்து ஆறுதல் சொல்வார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்கே இடித்தது. ஆனாலும் திருப்பிக் கேட்கவில்லை. தமிழுக்கே விளக்கம் கேட்பதா என்ற வீம்பு. நீதிபதி எழுதிக்கொண்டார். அந்த வரியைக் காட்டியே தீர்ப்பு கைதிக்கு எதிராக வந்தது.

சில வாரம் கழித்து, ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பே பகுதியில் ஒரு கடையில் கார்டைத் தேடிப் பையைத் துழாவினேன். யாழ்ப்பாணத்துக் கடைக்கார அம்மா, “அவசரமில்லை, ஆறுதலா எடுங்கோ” என்றார்.

என் கை நின்றுவிட்டது. ஆறுதலா என்றால் அவர்களுக்கு ‘மெதுவாக’.

வக்கீலிடம் சொன்னேன். அப்பீல் போட்டார். சிறைக்கும் போய், கைதியிடம் என் தவறை ஒப்புக்கொண்டேன். அவர் கத்தவில்லை. இன்ஹேலரை இழுத்துவிட்டு, மூச்சு சீராகும்வரை காத்திருந்தார்.

“நீங்களும் ஆறுதலாத்தான் வந்திருக்கிறியள், அக்கா.”

இந்த முறை எனக்குச் சரியாகப் புரிந்தது.