பின் பக்கம் நாலு மூட்டை அரிசி

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பனியையும் நான் பார்த்ததில்லை. டிசம்பர் மாதக் காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும்போது முகத்தில் வந்து அப்புகிற ஓசூர் மூடுபனிதான் எனக்குத் தெரிந்த பனி. அப்படிப்பட்ட என்னிடம் என் மகள் கனடாவிலிருந்து கேட்டாள், பனிக்காலத்துக்கு எந்தக் கார் வாங்கலாம், பின்சக்கரம் மட்டும் தள்ளுகிற வண்டியா, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டியா என்று. நானும் கூச்சமில்லாமல் பதில் சொன்னேன்.

அவள் என்னைக் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. பத்தொன்பது வருடமாக நான் வேலை செய்வது பின்சக்கரங்களைச் சுழற்றுகிற ஆக்ஸில் தண்டு செய்யும் கம்பெனியில். எனக்கு இன்ஸ்பெக்ஷன் டேபிள். தண்டு வரும், கேஜ் வைத்து அளப்பேன், சரியாக இருந்தால் மஞ்சள் பெயிண்டால் ஒரு புள்ளி, இல்லையென்றால் சிவப்பு ட்ரே. அவள் அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதன் பிறகு வீட்டில் எந்த முடிவும் இந்த டேபிளைத் தாண்டித்தான் போயிற்று. என்ன படிப்பு, எந்த ஹாஸ்டல், பல்லுக்குக் கம்பி போடலாமா, எல்லாவற்றுக்கும் நான்தான் புள்ளி வைத்தேன்.

அவள் இருப்பது கோதுமை விளைகிற சமவெளியில் ஒரு சின்ன ஊர். முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற முதியோர் இல்லத்தில் வேலை. பஸ் கிடையாது. கூட வேலை செய்யும் ஒரு பெண்ணின் காரில் போய் வந்துகொண்டிருந்தாள். அந்தப் பெண் ஊர் மாறிப் போக முடிவு செய்து, தன் பழைய காரை இவளிடமே கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். அது பின்சக்கர வண்டி. டீலரிடம் ஒரு நாலு சக்கர வண்டி இருந்தது, விலை கூட. இரண்டில் ஒன்றை வாங்காவிட்டால் வேலை போய்விடும். தப்பான ஒன்றை வாங்கினால் என்ன போகும் என்பதை இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. வெளியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வந்து கேள்வி கேட்டால், தெரியாது என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. தெரியாது என்று ஒருத்தி சொன்னால் மொத்த லைனுக்கும் கெட்ட பெயர். அதனால் எதையாவது உறுதியான குரலில் சொல்லப் பழகியிருக்கிறோம். அந்தக் குரல் வீட்டுக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது. ஒரு நாள் பொறு, சொல்கிறேன் என்றேன்.

நான் கலந்தாலோசித்த நிபுணர் எங்கள் மாடி வீட்டுக்காரர். பாகலூர் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து ரோஜாப் பூ ஏற்றிவரும் டெம்போ வைத்திருக்கிறார். மழைக்காலத்தில் அந்தச் செம்மண் பாதைகளில் சக்கரம் எப்படி வழுக்கும் என்று அவரை விட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ், போனில் கன்னடம். அவர் யோசிக்கவே இல்லை. பூ எடை இல்லாத சரக்கு, அதனால் சேற்றில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அப்போது பின்னால் நாலு உர மூட்டையைப் போட்டால் பின்சக்கரம் மண்ணைக் கவ்விப் பிடித்துக்கொண்டு ஏறிவிடும் என்றார். பனி என்றாலும் சேறு என்றாலும் வழுக்கல் வழுக்கல்தானே என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. அதோடு பின்சக்கர வண்டி என்றால் எனக்கு ஒரு பாசம். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம்தான். என் கை பட்ட பொருள் இருக்கிற வண்டி என்று நினைத்துவிட்டேன். அந்தக் காரில் எங்கள் தண்டு இருக்க வழியே இல்லை.

மறுநாள் மகளிடம் சொன்னேன். பின்சக்கர வண்டியே போதும், டிக்கியில் மணல் மூட்டை போட்டுக்கொள். இங்கே மண்ணெல்லாம் கல்லாக உறைந்து கிடக்கிறது, மணலுக்கு எங்கே போவேன் என்றாள். அப்படியானால் அரிசி மூட்டை போடு என்றேன். எடைக்கு எடையும் ஆயிற்று, பனிக்காலம் முடிந்ததும் சாப்பாட்டுக்கும் ஆயிற்று. அவள் வெகுநேரம் சிரித்தாள். ஆனாலும் அந்தப் பழைய காரையே வாங்கினாள். பிறகு நகரத்து இந்தியக் கடைக்கு யாருடனோ போய் நாலு மூட்டை பொன்னி வாங்கி டிக்கியில் அடுக்கி, போட்டோ எடுத்து அனுப்பினாள். அதை லைனில் எல்லோருக்கும் காட்டினேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

டிசம்பர் பாதி வரை ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் காலை ஷிப்ட். சாயங்காலம் ஆறரை மணிக்கு, அவள் வேலைக்குக் கிளம்பும் முன், வீடியோவில் பேசுவோம். ஒரு நாள் அவள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் தரையில் ஒரு போர்வை விரித்து, அதில் அரிசி பரப்பியிருந்தது தெரிந்தது. ஈர அரிசி. காய்ந்த அரிசிக்கும் நனைந்த அரிசிக்கும் இருக்கும் நிற வித்தியாசம் போனிலேயே தெரிகிறது. அரிசி ஏன் நனைந்தது என்று கேட்டேன். சிங்க் குழாய் ஒழுகுகிறது என்றாள். டிக்கியில் இருக்கிற அரிசி சிங்க் குழாயில் எப்படி நனையும் என்றேன். பிறகுதான் நடந்ததைச் சொன்னாள்.

நடந்தது இரண்டு நாள் முன்பு. முதல் நாள் பெய்த பனி உருகி மறுபடி உறைந்து சாலை கண்ணாடி மாதிரி இருந்திருக்கிறது. ஒரு வளைவில் மெதுவாகத்தான் திருப்பியிருக்கிறாள். பின்பக்க எடை அப்படியே வெளியே தள்ளி, வண்டியின் வால் முன்னுக்கு வந்து, முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, சாலையோரப் பள்ளத்தில் போய் இறங்கிவிட்டது. டிக்கி திறந்து மூட்டை ஒன்று கிழிந்து பனியில் கொட்டியது. லாரியில் வந்த ஒரு கிழவர் நின்று, அவளைத் தன் வண்டியில் உட்கார வைத்து, பள்ளத்திலிருந்து காரை இழுக்க ஆள் வரும் வரை கூடவே இருந்தார். ஒரு கீறல் இல்லை. எதிரே ஒரு வண்டி வந்திருந்தால் என்று நான் ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

"வரலம்மா. அதோட விடு."

அதன் பிறகு அந்தக் காரைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். சரி என்றாள். வேறொருவர் காரில், அவர் ஷிப்டுக்குத் தகுந்தபடி, இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

நான் களைத்துப் போனேன். வேலையால் அல்ல, வேலை எப்போதும் போலத்தான் இருந்தது. காலை நாலரைக்கு எழுந்ததும் போனில் அவள் ஊரின் குளிர் எத்தனை என்று பார்ப்பேன். மைனஸ் இருபத்தெட்டு. அந்த எண்ணை வைத்துக்கொண்டு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, இருந்தாலும் பார்ப்பேன். லைனில் நல்ல தண்டுகளையெல்லாம் சிவப்பு ட்ரேயில் போட ஆரம்பித்தேன். கேஜ் சரி என்று சொல்லும், எனக்குச் சரியென்று படாது. சூப்பர்வைசர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். ட்ரேயை எடுத்துவந்து ஒவ்வொன்றாக அளந்து காட்டி, உடம்புக்கு ஏதாவதா அக்கா என்று கேட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இந்த முறை முறையாக விசாரிப்பது என்று முடிவு செய்தேன். டெம்போக்காரரிடம் போகவில்லை. பாவம், நடந்ததைச் சொன்னதிலிருந்து அவர் மாடிப்படியில் என்னைப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொள்கிறார். எங்கள் டிசைன் பிரிவில் ஒரு இன்ஜினியர் ஸ்வீடனில் இரண்டு குளிர்காலம் வேலை செய்துவிட்டு வந்தவர். கேன்டீனில் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். நாலு சக்கர வண்டி கிளம்புவதற்கும் ஏறுவதற்கும் நல்லது, ஆனால் நிற்பதற்கு அது உதவாது என்றார் அவர். எந்த வண்டியானாலும் பிரேக் போட்டால் நிற்க வைப்பது டயர்தான். பனிக்கென்றே மெத்தென்ற ரப்பரில் தனி டயர் உண்டு, அதை நாலு சக்கரத்துக்கும் போட வேண்டும். எடை ஏற்றுவதானால் அளவோடு, பின் அச்சுக்கு நேர் மேலே. டிக்கியின் கடைசியில் போட்டால் வால் வீசும். பத்தொன்பது வருடம் சக்கரத்தைச் சுழற்றுகிற பொருளை அளந்திருக்கிறேன். அது எப்படி நிற்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

கம்பெனி பஸ்ஸில் போக வர ஒரு வாரம் வீடியோ பார்த்தேன். ஒரு பழைய செக் ஷீட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். நாலு சக்கர வண்டி, பனி டயர், டிக்கி காலி, முன் வண்டிக்கும் இவளுக்கும் நடுவே இடைவெளி. எழுதியதை இன்ஜினியரிடம் காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகு மடித்துப் பையில் வைத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு ஒரு பதிலைச் சரிபார்த்துவிட்டுக் கொண்டுபோகிறேன் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவளுக்கு அது சனிக்கிழமை ராத்திரி. காகிதத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, கார் விஷயமா ஒன்று சொல்லணும் கண்ணு என்று ஆரம்பித்தேன்.

"வாங்கிட்டம்மா. புதன்கிழமையே வாங்கிட்டேன்," என்றாள்.

நாலு சக்கர வண்டியா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். டயர்? பனி டயர் நாலும் போட்டாயிற்று. அதுதானே முக்கியம், நாலு சக்கரமும் இழுப்பதால் மட்டும் வண்டி நிற்காது என்று எனக்கு விளக்கினாள். பழைய காரை அதே டீலர் எடுத்துக்கொண்டாராம். காலி இடமாகப் பார்த்து மூன்று நாள் பிரேக் போட்டுப் பழகியிருக்கிறாள். என் காகிதத்தில் இருந்த ஒவ்வொன்றையும் அவள் செய்து முடித்திருந்தாள். இடைவெளி பற்றி நான் எழுதியதைவிட அவள் சொன்னது தெளிவாக இருந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றேன்.

"கேக்கணும்னு தோணலம்மா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பது போல இயல்பாகச் சொன்னாள்.

நல்லது கண்ணு, பத்திரமாக ஓட்டு என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அன்றைக்குத் தூக்கமும் வந்தது. என்னைக் கேட்காமல் அவளே ஒரு முடிவு எடுக்கிற நாள் வர வேண்டும் என்றுதான் இத்தனை வருடம் விடியற்காலை பஸ் ஏறினேன். அது வந்தது, எனக்குப் பிடிக்கவில்லை.