மேலக்கா குடிக்காத தண்ணீர்

கட்டட வேலை நடக்கும் அந்த வளாகத்தில் அவளை எல்லோரும் மேலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. விடிந்ததும் டவர் கிரேனின் ஏணியில் ஏறுவாள், பொழுது சாய்ந்ததும் இறங்குவாள். நடுவில் உச்சியில் இருக்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் அவள் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி கையை அசைத்தால் கீழே லாரியில் படுத்திருக்கும், வேறு இடத்தில் வார்த்துக் கொண்டுவந்த காங்கிரீட் சுவர் எழுந்து நிற்கும்.

உடம்பைப் பேணுவதில் அவளை அடித்துக்கொள்ள அங்கே ஆள் கிடையாது. இருட்டு விலகுவதற்கு முன்பே எழுந்து மொட்டைமாடியில் கயிறு தாண்டுவாள். முட்டி இளக, முதுகு இளக, குனிந்து நிமிர்வாள். டீயில் சர்க்கரை கிடையாது. தட்டில் பாதி காய்கறிதான். ராத்திரி பத்து மணிக்கு மேல் டிவி ஓடினால் கணவர் பாடு திண்டாட்டம். தலைவலி, காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு போட்டதில்லை. அதோடு விட்டாளா? ஊருக்கெல்லாம் உபதேசம் வேறு. "கம்பி கட்டுற தம்பி, இது மூணாவது டீ. நான் மேல இருந்து பாத்துட்டுதான் இருக்கேன்" என்று வாக்கி டாக்கியில் குரல் வந்தால் அவன் கிளாசை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வான்.

பாதுகாப்பு அலுவலகத்துக்காரர்கள் அவளைப் படம் பிடித்து, பெரிதாக அச்சடித்து, வாசலில் ஒட்டியிருந்தார்கள். தலையில் ஹெல்மெட், கையில் தண்ணீர் பாட்டில், வாய் நிறையச் சிரிப்பு. கீழே கொட்டை எழுத்தில், "உடம்பே முதல். தண்ணீர் நிறையக் குடியுங்கள்." அந்தப் படத்தைத் தாண்டும்போதெல்லாம் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தார்கள். வெட்கம்தான், ஆனால் அவர்கள் நினைத்த வெட்கம் இல்லை. மேலக்கா வேலை நேரத்தில் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள்.

குடித்தால் இறங்க வேண்டுமே. கழிப்பறை கீழே, சிமெண்ட் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. இறங்கி, போய், மறுபடி ஏறுவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடும். ஆம்பளை ஆப்பரேட்டர்கள் காலி பாட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு கூண்டுக்குள்ளேயே காரியத்தை முடித்துக்கொள்வார்கள். அது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நாலு பக்கமும் கண்ணாடி, காலுக்குக் கீழேயும் கண்ணாடி என்று இருக்கிற கூண்டில் அவள் என்ன செய்வாள்?

சேர்ந்த புதிதில் ஒரே ஒரு தடவை இறங்கினாள். கிரேன் நின்றால் வேலை நிற்கும், வேலை நின்றால் அத்தனை தலையும் நிமிரும். அவள் பாதி ஏணியில் இருக்கும்போது இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியில் சூப்பர்வைசரின் குரல் கேட்டது. "ஒண்ணாம் நம்பர் ஏன் நின்னுச்சு? காங்கிரீட் இறுகுது. அந்தம்மா எங்க போறாங்க?" யாரோ என்னவோ சொன்னான். பல பேர் சிரித்தார்கள். "இதுக்குத்தான் ஆம்பளை ஆப்பரேட்டர் போடுங்கன்னேன்," என்றார் சூப்பர்வைசர்.

பல வருஷம் ஆளேற்றும் லிஃப்டில் பட்டன் அழுத்திக்கொண்டே படித்து, தேர்வு எழுதி, கிடையாக் கிடந்து வாங்கிய இருக்கை அது. ஒரு டம்ளர் தண்ணீருக்காக அதை விட்டுக் கொடுப்பாளா? உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து வயிறு முட்டக் குடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே ஒரு வைத்தியமும் சொல்லிக்கொண்டாள். ஊருக்குப் புத்தி சொல்கிறவளுக்கு இது மட்டும் புரியாமல் போயிற்று, என்னத்தைச் சொல்ல.

அவள் கணவர் அதே வளாகத்தில் சிக்னல்காரர். சுமை எங்கே இறங்குகிறதோ அங்கே நின்று வாக்கி டாக்கியில் அவளுக்கு வழி சொல்வது அவர் வேலை. சேனலில் அவளுக்கு 'மேல' என்று பெயர், அவருக்குக் 'கீழ'. தினமும் காலையில் இரண்டு பெரிய பாட்டிலில் தண்ணீர் நிரப்பி அவள் பையில் வைப்பார். சாயங்காலம் இரண்டும் காலியாக வரும். மனிதருக்கு அதில் அவ்வளவு திருப்தி. அவள் அந்தத் தண்ணீரைத் துணியில் நனைத்துக் கூண்டின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு சுத்தமான கூண்டை எங்கேயும் பார்த்ததில்லை என்று பாதுகாப்பு அதிகாரி பாராட்டிவிட்டுப் போனார்.

ஒரு நாள் காலை கயிறு தாண்டும்போது இடது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாகச் சுருக்கென்றது. சுளுக்காக இருக்கும் என்று இன்னும் நாலு தடவை குனிந்து நிமிர்ந்தாள். பாதி ஏணியில் மறுபடியும் பிடித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் வியர்த்தது. உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சூப்பர்வைசரின் முகம் கண்முன் வந்தது. ஏறினாள் மகராசி.

மத்தியானம் வானம் கறுத்தது. மேல்மாடியில் ஒரு சுவர் மட்டும் பாக்கி. ஒரு அறையின் முழுப் பக்கமும் ஒரே காங்கிரீட் பலகையாக வார்த்தது. தரையில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் அந்தப் பலகையின் அடியிலுள்ள ஓட்டைகளில் போய் உட்கார வேண்டும். "மழைக்கு முன்னாடி இந்த ஒண்ணு உக்காந்துடணும்," என்றார் சூப்பர்வைசர். அவள் சுவரைத் தூக்கி, காற்று பார்த்துத் திருப்பி, மாடிக்கு மேல் கொண்டு வந்தாள். கணவரும் பொருத்துகிறவர் ஒருவரும் ஆளுக்கொரு ஓரம் பிடித்து இழுத்தார்கள். இன்னும் ஒரு சாண் இறங்க வேண்டும்.

அப்போதுதான் வந்தது. ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி விலாவுக்குள் எதுவோ முறுக்கியது. குமட்டியது. கண்ணாடிக்கு அப்பால் இருந்ததெல்லாம் மங்கியது. கையை எடுத்துவிட்டால் சுவர் விழாது, அப்படியே அந்தரத்தில் நிற்கும். ஆனால் காற்றடிக்கும்போது தொங்குகிற சுவர் சும்மா நிற்குமா? ஆடும். ஆடினால் அதற்கும் மாடியின் விளிம்புக்கும் நடுவில் இரண்டு பேர் நிற்கிறார்கள்.

"மேல, ரெண்டு விரல் இறக்கு."

இறக்கினாள். சுவர் வெடுக்கென்று இறங்கி நின்றது. பொருத்துகிறவர் கையைப் படக்கென்று இழுத்துக்கொண்டார்.

"மேல, என்ன ஆச்சு?"

"காத்துங்க."

"காத்து என் மேலயும்தான் அடிக்குது. இது காத்து இல்ல. கை நடுங்குதா?"

சூப்பர்வைசர் குறுக்கே வந்தார். "ஒண்ணாம் நம்பர், அங்க என்ன பேச்சு? மழை வந்துட்டிருக்கு."

இன்னொரு முறுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடலாம் என்றுதான் அந்த நேரத்திலும் நினைத்தாள். காலுக்குக் கீழிருந்த கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கணவரின் மஞ்சள் ஹெல்மெட் சுவருக்கும் விளிம்புக்கும் நடுவில் தெரிந்தது. வீராப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. வாக்கி டாக்கியின் பட்டனை அழுத்தினாள்.

"முடியலைங்க. இடுப்புல வலி உயிர் போகுது. கண்ணு இருட்டிட்டு வருது. எல்லாரும் தள்ளிப் போங்க."

பொருத்துகிறவர் விலகி ஓடுவது தெரிந்தது. மஞ்சள் ஹெல்மெட் நகரவில்லை.

"நீங்களும் போங்க," என்றாள்.

"நான் போயிட்டா யாரு சொல்றது? கண்ணு தெரியலைன்னா மூடிக்கோ. பாக்க முடியாத இடத்துல எத்தனை தடவை என் பேச்சை மட்டும் கேட்டு இறக்கியிருக்க. கையை மட்டும் அசை."

கண்ணை மூடிக்கொண்டாள். அவருடைய குரலைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

"இறக்கு. மெல்ல. நிறுத்து. காத்து வருது, இரு. ஆடி நிக்கட்டும்." சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் அந்தச் சுவரோடு மல்லுக்கட்டும் மூச்சு வாக்கி டாக்கியில் கேட்டது. அழுகை வந்தது. இந்த மனிதருக்கு ஏதாவது ஆனால் தன்னால்தான், தன் பிடிவாதத்தால்தான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. "இப்ப இறக்கு. இன்னும். இன்னும். அவ்வளவுதான். கம்பியில உக்காந்துடுச்சு."

பொருத்துகிறவர் ஓடி வந்து முட்டுக் கொடுத்தார். கொக்கி கழன்றது. அவள் அதை மேலே ஏற்றி, கிரேனின் நீண்ட கை காற்றோடு திரும்பும்படி பிரேக்கைத் தளர்த்திவிட்டாள். காற்று நாளில் அப்படித்தான் விட வேண்டும், எதிர்த்துப் பிடித்து வைத்தால் கிரேனுக்கே ஆபத்து. பிறகு மடியிலேயே வாந்தி எடுத்தாள். வலி கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து ஏணியில் கால் வைத்தாள். கணவர் அதற்குள் ஏறி வந்து, அவளுக்கு ஒரு படி கீழே நின்று, அவள் கால் தடுமாறும்போதெல்லாம் தோளைக் கொடுத்து இறக்கினார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகத்தில் கல். டாக்டரம்மா கேட்டார், "பகல்ல எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"ரெண்டு பெரிய பாட்டில் டாக்டர், நானே நிரப்பித் தர்றேன்," என்றார் கணவர் பெருமையாக.

"நான் அவங்களைக் கேட்டேன்."

அவள் போர்வை நுனியைத் திருகினாள். "வேலை நேரத்துல குடிக்கிறதில்ல."

"எத்தனை நாளா?"

"நாளா இல்ல. நாலு வருஷமா."

இனிமேல் தண்ணீர் குடித்தாக வேண்டும், வந்தால் அடக்கவும் கூடாது, இப்படியே போனால் சிறுநீரகம் கைவிட்டுவிடும் என்று கறாராகச் சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார். கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் குடுத்த தண்ணியெல்லாம்?"

"கண்ணாடி துடைச்சேன்."

"உனக்கென்ன பைத்தியமா? ஊரான் குடிக்கிற டீயை எண்ணுற. கட்டுன புருஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்?"

"மொத தடவை நான் இறங்கினப்ப எல்லாரும் சிரிச்சாங்களே. நீங்களும் அதே சேனல்லதானே இருந்தீங்க."

"நான் சிரிக்கலை," என்றார்.

"சிரிக்கலைதான். ஒண்ணும் சொல்லவும் இல்ல. தண்ணி மட்டும் குடுத்தீங்க." அவள் குரல் உயரவே இல்லை. அவர் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பார்வை நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் எழுந்தார்.

உடம்பு தேறி வேலைக்குப் போனபோது சூப்பர்வைசர் நயமாகத்தான் பேசினார். "பழையபடி லிஃப்ட்லயே உக்காந்துக்கோங்களேன். கீழயே வேலை, தொந்தரவு இல்ல." அவள் முடியாது என்றாள். கிரேனிலேதான் இருப்பேன், தண்ணீரும் குடிப்பேன் என்றாள். "கிரேன் நின்னா நான் ஆபீஸுக்குப் பதில் சொல்லணும். நாலு நாள் பாப்போம். சரிப்படலைன்னா வேற ஆள் வரும்," என்றார் அவர். நயம் அவ்வளவுதான்.

ஏறினாள். ஒரு பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடித்தாள். வெயில் ஏறுவதற்குள் அடிவயிறு கனத்தது. கீழே சுவர் ஏற்றிய லாரி இஞ்சினை ஓடவிட்டுக் காத்து நின்றது. இந்த ஒரு சுவரை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். விரல் பட்டன்மேல் இருந்தது, அழுத்தத்தான் வரவில்லை. அத்தனை பேர் காதும் அந்தச் சேனலில் இருக்கிறதே.

அழுத்தினாள். "ஒண்ணாம் நம்பர் நிறுத்துறேன். கீழ இறங்குறேன்."

"எதுக்கு?" என்றார் சூப்பர்வைசர்.

"ஒண்ணுக்குப் போகணும் சார்."

இதோ சிரிக்கப் போகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கணவரின் குரல் வந்தது. சுமையை இறக்கச் சொல்லும் அதே குரல், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"எல்லாரும் கேளுங்க. ஒண்ணாம் நம்பர் ஆப்பரேட்டர் இறங்குறாங்க. ஏணிக்குக் கீழ யாரும் நிக்காதீங்க. லாரிக்காரரே, இஞ்சினை அணைச்சிடுங்க. நேரம் ஆகும்."

லாரியின் உறுமல் நின்றது. அவள் கதவைத் திறந்து, இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு, முதல் படியில் காலை வைத்தாள். கீழே தலைகள் நிமிர்ந்தன. நிமிரட்டும். அவளுக்கு அவசரமாகத்தான் வந்தது. ஆனாலும் ஏணியில் அவசரப்படக் கூடாது என்று ஒவ்வொரு படியாக இறங்கினாள்.