மூடுபனியில் சொன்ன பெயர்

காசிமேட்டிலிருந்து ராயபுரம் வரும் சந்துகளில் சாவியோவைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘ஐஸ் கடல் சாவியோ’ என்றால் வாசல்வரை கூட்டிவந்து விடுவார்கள். தென்துருவத்துக்குப் பயணிகளை ஏற்றிப்போகும் கப்பலில் அவனுக்கு வேலை. கப்பல் தள்ளி நின்றுகொள்ளும். பத்துப் பத்துப் பேராக ரப்பர் படகில் ஏற்றி, பனிப்பாறைகளுக்கு நடுவே மெல்ல ஓட்டிப்போய் பென்குவின், கடல்நாய், திமிங்கலம் என்று காட்டிவர வேண்டும். லீவில் ஊருக்கு வந்தால் டீக்கடையில் அவனை விடமாட்டார்கள். “உனக்கு இன்னா மாமு, வேடிக்கை காட்றதுக்கு சம்பளம்” என்பார்கள். அவனும் சிரித்துவைப்பான்.

அந்த வேடிக்கைக்குக் கிளம்பும் ஒவ்வொரு காலையிலும் அவன் பயந்துகொண்டேதான் படகில் ஏறுவான் என்பது மனைவி ஜானட் ஒருத்திக்குத்தான் தெரியும்.

சாவியோ வீட்டு ஆண்கள் தண்ணீர்மேல் இருக்கும்போது திமிங்கலத்தின் பெயரைச் சொல்வதில்லை. கரையில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். கடலில் கண்டால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, வாய் திறக்காமல் படகைத் திருப்பிவிடுவார்கள். பெயர் சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடும். கூப்பிட்டது வந்தால் வெறுங்கையோடு போகாது, வீட்டில் ஒருவரைக் கேட்கும். சித்தப்பா நெல்சன் இதையெல்லாம் கேலி செய்தவர். ஒருநாள் நடுக்கடலில் எழுந்து நின்று அந்தப் பெயரைக் கத்திச் சிரித்தாராம். அடுத்த வாரம் போன படகு திரும்பி வந்தது, அவர் வரவில்லை. சாவியோ அப்போது சின்னப் பையன். காலிப் பெட்டியைப் புதைத்ததைப் பார்த்தவன்.

இந்தக் கப்பலில் விதி நேரெதிர். திமிங்கலத்தை முதலில் பார்க்கிற படகோட்டி உடனே வாக்கிடாக்கியில் பெயரைச் சொல்லி, எந்தப் பக்கம் என்று மற்ற படகுகளுக்கு அறிவிக்க வேண்டும். மூன்று பருவமாகச் சாவியோ இதில் தப்பித்துவந்தான். யாராவது முந்திக்கொள்வார்கள். பயணிகளுக்கு மட்டும் கையை நீட்டிக் காட்டுவான். அவர்கள் அதைப் பெரிய பண்பாக எடுத்துக்கொண்டு, இந்த ஆள் கடலின் அமைதியைக் கெடுக்காதவர் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அன்று காலை மூடுபனி. இரண்டு படகுகள்தான் இறங்கின. முன்னால் போனது கௌசர் பாஷாவின் படகு. கௌசர் புளியந்தோப்புக்காரன், இருவரும் ஒன்றாகப் பயிற்சி முடித்து ஒரே கப்பலில் சேர்ந்தவர்கள். பனித்தட்டு ஒன்றின்மேல் படுத்திருந்த கடல்நாயைக் கௌசர் தன் ஆட்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். சாவியோ பின்னால், குரல் எட்டாத தூரத்தில் இருந்தான்.

முதலில் மூச்சுதான் கேட்டது. இருட்டறையில் நம் பின்னால் யாரோ பெருமூச்சு விட்டதுபோல. பிறகு நாற்றம். வெயிலில் காயும் கூனி இறாலின் அதே நாற்றம். மீன்பிடித் துறைமுகத்தில் மூக்குக்குப் பழகிய அது, இந்தக் குளிரில் முகத்தில் அடித்தபோது சாவியோவுக்கு அது என்னவென்று புரிந்துவிட்டது. கறுத்த முதுகு ஒன்று அவன் படகை உரசுவதுபோல எழுந்து, கௌசரின் பக்கமாகப் பார்த்து அமிழ்ந்தது.

அவன் கை தானாக நெற்றிக்குப் போனது. வாக்கி நெஞ்சில் தொங்கியது. அதைத் தொடவில்லை. கௌசரும் பார்த்திருப்பான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். கௌசர் பார்க்கவில்லை என்பது அந்த நேரத்திலேயே அவனுக்குத் தெரியும்.

கௌசரின் படகுக்கு இடப்புறம் தண்ணீரில் குமிழிகள் கிளம்பின. ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ கீழிருந்து கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல வளைந்து வட்டமாகின. அது இப்படித்தான் இரையான கூனி இறாலைக் குமிழி வேலிக்குள் வளைத்துவிட்டு, அந்த வட்டத்தின் நடுவே வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள்.

சாவியோ வாக்கியை எடுத்தான். “கௌசரு, நில்லுடா.”

“இன்னாடா, ஐஸா?”

சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடும். பதில் வராததால், முன்னால் ஏதோ பனிக்கட்டி மிதக்கிறது என்று எண்ணிய கௌசர் படகை இடப்பக்கம் ஒடித்தான். நேராகக் குமிழி வட்டத்தை நோக்கி. அந்தப் படகில் சிவப்புக் குல்லாய் போட்ட பாட்டியம்மா ஒருத்தி கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பனிக்குள்ளும் அந்தச் சிவப்பு மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

“திமிங்கலம்டா” என்றான் சாவியோ. “உன் இடது கைப்பக்கம். அடியில கீது. பின்னால எடு.”

இன்ஜின் உறுமியது. படகு பின்வாங்கிய கையோடு தண்ணீர் வெடித்தது. திறந்த வாயும் தொங்கும் தாடையுமாக ஒரு வீட்டின் உயரத்துக்கு அது எழுந்து நின்றது, பிறகு சரிந்தது. அலை கௌசரின் படகை ஒரு பக்கமாகத் தூக்கியது. உள்ளே எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். வெளியே யாரும் விழவில்லை. விழுந்தவர்கள் தட்டுத்தடுமாறி எழுந்து உட்கார்ந்தார்கள். பிறகு கைதட்டினார்கள்.

கப்பலுக்குத் திரும்பிய பிறகும் சாவியோவின் விரல்கள் இன்ஜின் பிடியை விடவில்லை. கௌசர்தான் வந்து ஒவ்வொன்றாகப் பிரித்தான். “மொதல்லயே சொல்றதுக்கு இன்னா பேஜாரு உனக்கு?” என்று கேட்டவன், சாவியோவின் முகத்தைப் பார்த்ததும் தோளைப் பிடித்து அவனைக் கப்பலில் ஏற்றிவிட்டான்.

ஈர உடுப்பைக்கூட மாற்றாமல் சாவியோ ஜானட்டுக்குப் போன் போட்டான். அங்கே சாயங்காலம். தன் தம்பி அருள்நாதன் விடிந்தால் கடலுக்குப் போகிறானா என்று கேட்டான். போகிறான், வலையெல்லாம் ஏற்றியாகிவிட்டது என்றாள். நாளைக்குப் போக வேண்டாம் என்று சொல்லச் சொன்னான். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

“பேரச் சொல்ட்டியா?” என்றாள்.

“சொல்ட்டேன்.”

“ஆளுங்க உசுரோட கீறாங்களா?”

“கீறாங்க.”

“அப்ப போய் துணிய மாத்து. ஜுரம் வந்துடும்.”

போனை அவளே வைத்தாள். குக்கரை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, இந்நேரம் அருள்நாதன் வீட்டுப் பக்கம் அவள் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருப்பாள் என்பது சாவியோவுக்குத் தெரியும்.