ஆறு நாளுக்கு ஒருமுறை கூடும் சந்தைக்கு லாத்தா போனாள்

இந்தப் பதிவில் எதையும் அழகுபடுத்தப் போவதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் லாத்தா, அதாவது அக்கா, சபீனாவும் இதைப் படிப்பாள். படிக்கட்டும்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு வியட்நாமின் வடகோடியில் இருக்கும் ஹா ஜியாங் மலைகளுக்குப் போகலாம் என்று சொன்னதே நான்தான். (நிர்வாகத்துக்காக அதை இப்போது பக்கத்து மாகாணத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால் எல்லோரும் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.) சிங்கப்பூரில் எங்கள் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் அங்கே வாழும் ஹ்மோங் மலைவாழ் மக்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அங்கே சில மலைச் சந்தைகள் ஆறு நாளுக்கு ஒருமுறை கூடும். இந்த வாரம் ஞாயிறு என்றால் அடுத்தது சனி, அதற்கடுத்தது வெள்ளி. இப்படி வாரத்துக்குள் பின்னோக்கி நகரும் ஒரு சந்தையைப் பார்க்கத்தான் தேதிகளைக் கணக்குப் போட்டு அத்தாவிடம் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கொடுத்தேன். லாத்தா கேட்டது ஒன்றே ஒன்று: "அங்க வைஃபை இருக்குமா?"

மலை வீடுகளில் பன்றிக்கறி சமைப்பார்கள் என்பதால் சொந்தச் சட்டி இல்லாமல் வரமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். தேக்கா கடைத்தெருவுக்குப் போய் ஒரு சட்டி, இரண்டு கரண்டி, மசாலாத் தூள், நெத்திலிச் சம்பல் எல்லாம் வாங்கினோம். சட்டி என் பையில்தான் வந்தது. லாத்தாவின் பையில் இடமில்லையாம்.

சாங்கி விமான நிலையத்திலிருந்து ஹனோய்க்கு மூன்றரை மணி நேரம். அங்கிருந்து ஹா ஜியாங் நகரம் முந்நூறு கிலோமீட்டர். படுத்துக்கொண்டே போகும் பேருந்தில் ஆளுக்கு இருபது சிங்கப்பூர் வெள்ளிக்குள் ஆகும், ஆறேழு மணி நேரம் பிடிக்கும். மறுநாள் துவான் என்ற ஓட்டுநரின் காரில் மேலே ஏறினோம். அவருக்கு ஆங்கிலமும் ஹ்மோங் மொழியும் தெரியும். அந்த மலைகளில் மண்ணைவிடக் கல்தான் அதிகம். பாறை இடுக்குகளில் மண்ணைக் கொட்டி, ஓர் இடுக்கில் இரண்டு மூன்று செடியாக மக்காச்சோளம் வளர்க்கிறார்கள். அறுவடை முடிந்து தட்டைகள் மட்டும் நின்றன.

நாங்கள் தங்கிய ஹ்மோங் வீட்டுக்குக் கனமான மண் சுவர். சிமெண்ட் இல்லாமல் கல்லைக் கல்மேல் அடுக்கிய வேலி. வீட்டுக்காரரின் மகள் மாய்க்கு இருபது வயதிருக்கும். மறுநாள்தான் சந்தை. சாலை வேலை நடப்பதால் சந்தை வரைக்கும் கார் போகாது என்று துவான் சொன்னார். வீட்டில் இருந்தது ஒரே மோட்டார் சைக்கிள். அதில் மாயின் பின்னால் ஒருவர் உட்காரலாம்.

"யார கூட்டிட்டுப் போவீங்க?" என்று துவான் மூலம் கேட்டேன்.

மாய் சிரித்தாள். "சாப்பிட்டுட்டுப் பார்ப்போம்."

விருந்தினர் வந்தால் கோழி அடிப்பது அவர்கள் வழக்கம். நாங்கள் சாப்பிட வேண்டுமானால் அத்தாவே பிஸ்மில்லா சொல்லி அறுக்க வேண்டும் என்பதைத் துவான் விளக்கினார். வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கத்தியை அத்தாவிடம் நீட்டினார். அம்மா எங்கள் சட்டியிலேயே சமைத்தார். அதனுடன் சோள மாவை இரண்டு முறை ஆவியில் வேகவைத்த உதிரியான உணவு ஒன்று. சாப்பாட்டு மேசையில் வீட்டுக்காரர் ஏதோ சொன்னார்.

துவான் மொழிபெயர்த்தார்: "நீங்கதானே அறுத்தீங்க, நீங்களே பங்கு வைங்கன்னு சொல்றாரு."

நான் படித்திருந்தேன்: அங்கே கோழித் தலை முக்கிய விருந்தாளிக்கு, தொடைகள் குழந்தைகளுக்கு. அத்தாவுக்கு இது எதுவும் தெரியாது.

"அத்தா, தலைய எனக்கு வைங்க," என்றேன் மெதுவாக.

"அதுல என்னம்மா இருக்கு, எலும்புதான். இந்தா, உனக்குப் புடிச்சது." வீட்டில் எப்போதும் செய்வதுபோல் நல்ல தொடையாகப் பார்த்து என் கிண்ணத்தில் வைத்தார். இன்னொன்றை மாயின் மூன்று வயதுத் தம்பிக்கு வைத்தார்.

"தலைய எனக்கு குடுங்க அத்தா, ஃபோட்டோ எடுக்கணும்," என்றாள் லாத்தா.

தலை அவளுக்குப் போனது. வீட்டுக்காரர் எழுந்து நின்று சோள மதுக் கிண்ணத்தை அவளை நோக்கி உயர்த்தினார். அவள் தேநீர்க் கோப்பையை உயர்த்தினாள். மாய் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு துவான் எங்களிடம் திரும்பினார்: "காலையில பெரிய பொண்ண மாய் கூட்டிட்டுப் போறாங்க. சின்னப் புள்ளைக்கு அந்த ரோடு ரொம்பக் குளிரு."

எனக்குப் பதினான்கு வயது. லாத்தாவுக்குப் பதினேழு.

படுக்கும்முன் அவளிடம் கெஞ்சினேன். "நீ வேணாம்னு சொல்லிடு. நான்தானே எல்லாம் பிளான் பண்ணேன்."

"தலைய வாங்கிட்டு இப்ப வேணாம்னா மரியாதை இல்ல லா. புக்குல அப்படிப் போடலையா?"

அம்மாவிடம் போனேன். "உனக்குச் சளி புடிக்கும், பேசாம தூங்கு," என்றார்.

விடியும்முன் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். மாயின் கம்பளிச் சால்வை லாத்தாவின் தோளில் இருந்தது. நான் வேலியோரம் மூன்று வயதுக்காரனோடு உட்கார்ந்து மக்காச்சோளம் உதிர்த்தேன். அவன் எனக்குச் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பாதி கொடுத்தான். அவ்வழியே நடந்து போன பெண்கள் நடந்தபடியே சணல் நாரை முடிந்து கையில் சுற்றிக்கொண்டு போனார்கள். அது அற்புதமான காட்சிதான். அப்போதும் மலை வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் கன்னமெல்லாம் சிவந்து லாத்தா வந்து இறங்கினாள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"குளிர் லா," என்றவள் போர்வைக்குள் போய்விட்டாள். மூன்று படங்கள் எடுத்திருந்தாள். மூன்றும் ஆடியிருந்தன.

போக நினைப்பவர்களுக்கு: சந்தை நாளைத் தங்கும் வீட்டில் கேட்டு உறுதி செய்த பிறகே டிக்கெட் எடுங்கள். நவம்பர் இறுதியில் காலையில் பத்து டிகிரிக்கும் கீழே போகும், கையுறை அவசியம். ஹலால் பார்ப்பவர்கள் சட்டியும் கரண்டியும் கொண்டுபோங்கள், முன்கூட்டியே சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. கோழியைப் பங்கு வைக்கச் சொன்னால், வைப்பதற்கு முன் வீட்டிலுள்ளவர்களோடு பேசிக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் திரும்பி வரும் விமானத்தில்தான் எழுதினேன். லாத்தா எட்டிப் பார்த்தாள். "சந்தையப் பத்தி ஒண்ணுமே இல்ல?"

"போனாத்தானே எழுதுறதுக்கு."

அவள் சொன்னாள்: "ஒருத்தர் குடிச்சிட்டு ரோட்டோரமா தூங்கிட்டாரு. அவரு வைஃப் பக்கத்துல உட்கார்ந்து, குடைய தோள்ல சாச்சு அவருக்கு நிழல் காட்டிக்கிட்டே நாரு சுத்துறாங்க. எழுப்பவே இல்ல. நாங்க திரும்பி வரும்போதும் அப்படியேதான் இருந்தாங்க."

நான் படித்த எதிலும் இது இல்லை. குடை என்ன நிறம் என்று கேட்டேன். ஊதா, ஒரு கம்பி உடைந்தது என்றாள். அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது.

"எழுதிக்கோ," என்றாள். "நீதான் நல்லா எழுதுவே."

எழுதிக்கொண்டேன். எழுதினால் பொறாமை குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை. "வேற?" என்று கேட்டேன். விமானம் தரையிறங்கவிருந்ததால் உள்ளே விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.